குதிரை முதுகைத் தாண்டாத மார்கிரிட்

கொம்பு என்கிற எங்கள் மலைச் சிகரத்தில் ஏறுவது சுலபம் என்று எங்கள் ஊரில் சொல்லாத வாய் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வார்கள், பால்காரன் சொல்வான், தபால்காரி சொல்வாள். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே ஏறிவிடலாம் என்பார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுலபமாம்! யாருக்குச் சுலபம்? ஆடு ஓட்டிப் போகிற வயதிலேயே பாறையில் கைவைத்துப் பழகின எங்களுக்குச் சுலபம். என் தம்பி பெண்டாட்டி மார்கிரிட்டுக்கு அது சுலபமா என்று ஒருத்தராவது யோசித்தார்களா?

கொம்பின் காலடியில் இருக்கும் மலைவிடுதியை நடத்துகிறவள் நான், பிரிஸ்கா. ஜூன் கடைசியில் பனி கரைந்ததும் கதவைத் திறப்பேன். இலையுதிர் காலத்தில் முதல் பனி விழுந்ததும் பூட்டிக்கொண்டு கீழே இறங்குவேன். நடுவில் இருக்கிற நாட்கள் முழுக்கப் பார்லி சூப்பும், ஈரக் காலுறை நாற்றமும், கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்ற புலம்பலும்தான். கொம்பின் உச்சிக்குப் போய்வர எனக்கு ஏது நேரம்? நான் மேலே போனால் சூப் யார் கிண்டுவது? சமையலறை ஜன்னல் வழியாக உச்சியில் இருக்கும் மரச்சிலுவை தீக்குச்சி அளவுக்குத் தெரியும். பல வருஷங்களாக எனக்கு அந்தத் தரிசனம் போதுமாக இருந்தது.

என் தம்பி காஸ்பர் மலை வழிகாட்டி. பனிச்சுவர், பெரிய சிகரம் என்று அலைகிற ரகம் இல்லை. வாழ்க்கையில் முதன்முதலாகப் பாறையைத் தொடுகிறவர்களைக் கொம்புக்குக் கூட்டிப்போய், கால் கை உடையாமல் கூட்டி வருவதுதான் அவன் தொழில். வங்கிக் குமாஸ்தா, பல் டாக்டர், புதிதாகக் கல்யாணமான ஜோடி, ஓய்வுபெற்ற பிறகு திடீரென்று வீரம் வந்த கிழவர்கள், எல்லாரும் அவனிடம்தான் வருவார்கள். மற்ற வழிகாட்டிகளுக்கு அவன் "பாலர் பள்ளி வாத்தியார்."

"உன் பிள்ளைங்களுக்கெல்லாம் மூக்கு சிந்தி விட்டியா காஸ்பர்?" என்று என் விடுதி மேஜையில் உட்கார்ந்துகொண்டே கேட்பார்கள்.

"சிந்திட்டேன். உனக்கும் வழியுது பாரு, இங்க வா" என்பான் அவன்.

விடுதிக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை அளவுக்கு ஒரு பாறை கிடக்கிறது. முந்தின நாள் மாலையில் விருந்தாளிகளை அதில் ஏற்றி இறக்கிப் பழக்குவான். கயிற்றில் கட்டிவிட்டால் நீதிபதியாக இருந்தாலும் அவனுக்கு 'நீ'தான். "உன்கிட்ட நாலு இருக்கு. ரெண்டு கை, ரெண்டு கால். ஒண்ணு நகரும்போது மத்த மூணும் நகரக்கூடாது. அவ்வளவுதான் பாடம்" என்பான். "பாறையைக் கட்டிப்பிடிக்காதே, அது உன் பெண்டாட்டி இல்ல. தள்ளி நில்லு, அப்பத்தான் கால் எங்க இருக்குன்னு தெரியும்." "பிடிக்கிறதுக்கு முன்னாடி தட்டிப் பாரு. ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வந்தா தொடாதே." நடுங்கிக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளைகளிடம், "பயப்படு, நல்லா பயப்படு. பயப்படுறவங்கதான் கவனமா கால் வைப்பாங்க. பயமில்லாதவனை நான் கூட்டிட்டே போகமாட்டேன்" என்பான். விருந்தாளிகளுக்கு அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், என் தம்பி ஆயிற்றே.

மார்கிரிட் ஏரிக்கரைச் சமவெளிக்காரி. கண்ணுக்கு எட்டின வரை ஆப்பிள் தோட்டமும் தட்டையான ரோடும் இருக்கிற ஊர் அவளுடையது. இளவயதில் ஒரு கோடையில் என் சமையலறைக்கு வேலைக்கு வந்தாள். வந்த வாரத்திலேயே என் தம்பி சும்மா சும்மா உருளைக்கிழங்கு உரிக்க வந்து உட்கார்ந்தான். சரிதான், கதை இப்படிப் போகிறதா என்று நான் கண்டுகொள்ளாமல் இருந்தேன். அடுத்த வருஷம் கல்யாணம். நல்லவள், வேலைக்கு அஞ்சாதவள், வாய் அதிகம் கிடையாது. உயரம் மட்டும் அவளுக்கு ஆகாது. நாற்காலி மேல் ஏறித் திரைச்சீலை மாட்டினால்கூட முகம் வெளுத்து, வியர்த்து, கண்ணை மூடிக்கொள்வாள். அவர்கள் வீட்டு விளக்கு பல்பை இன்று வரைக்கும் நான்தான் மாற்றுகிறேன். விடுதிக்கு வருகிற மாட்டுப் பாதைதான் அவளுக்கு எல்லை. மலை வழிகாட்டிக்கு இப்படி ஒரு பெண்டாட்டியா என்று ஊர் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்போது சிரிப்பதற்கு என்ன குறை, கையில் பிள்ளை இருந்தானே.

சில்வன். ஒரே பிள்ளை. அப்பனைப் போல நெட்டையாக வளர்ந்தான், அம்மாவைப் போல மெதுவாகப் பேசினான். தச்சு வேலை பழகிக்கொண்டிருந்தான். ஒரு வசந்த காலத்தில் சிநேகிதர்களோடு பனிச்சறுக்குப் பலகை மாட்டிக்கொண்டு மலைக்குப் பின்புறத்துப் பனியாற்றைக் கடக்கும்போது, காலுக்குக் கீழே பனி உடைந்து பிளவுக்குள் போய்விட்டான். காஸ்பரும் மீட்புக் குழுவும் கயிற்றில் தொங்கி உள்ளே இறங்கித் தேடினார்கள். உதடு நீலம் பாரித்த பிறகும் என் தம்பி மேலே வரமாட்டேன் என்றான். குழுத் தலைவன் ஆள் வைத்து இழுத்துத்தான் ஏற்றினான். பிள்ளை கிடைக்கவில்லை. பனி நகர்ந்து பிளவு மூடிக்கொண்டது. பாவிப் பயல், கையுறையைக்கூட மிச்சம் வைக்காமல் போய்விட்டான்.

உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் ஊர்க் கல்லறையில் இடம் கிடையாது. குழி வெட்டாமல் சிலுவை நடுவதில்லை. அவர்கள் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிக் கொம்பின் உச்சியில் இருக்கும் மரச்சிலுவையில் அறைவார்கள். ஆகஸ்டில் மாதா விண்ணேற்பு நாளன்று அந்தந்தக் குடும்பம் ஏறிப்போய்த் துணியும் சாம்பலும் வைத்துத் தன் வீட்டுத் தகட்டைத் துடைத்துப் பளபளப்பாக்கும். அடுத்த வீட்டுத் தகட்டை யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் அவர்கள் சமையலறைக்குள் கேட்காமல் நுழைந்தது மாதிரி. சுத்தமாக இருக்கிறது, அழுக்காக இருக்கிறது என்று பேசவும் மாட்டார்கள். எங்கள் ஊரில் அடுத்தவர் துக்கத்தைப் பற்றி வாய் திறக்கிற வழக்கமே கிடையாது. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சில்வனுக்குத் தகடு வைப்பதைப் பற்றிச் சாமியாரும், வழிகாட்டிகள் சங்கத்து ஆட்களும், ஊராட்சிக்காரர்களும் கூடி உட்கார்ந்து முடிவு செய்தார்கள். தாயை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கல்லறைத் தோட்டத்துக்குப் போவதும் கொம்புக்குப் போவதும் அவர்கள் காலுக்கு ஒன்றுதான்.

"நினைச்சப்பல்லாம் போய்ப் பார்த்துட்டு வரலாம்மா. சுலபமான ஏத்தம்தானே" என்றார் சாமியார்.

மார்கிரிட் தலையாட்டினாள். வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, என் பிள்ளையை எங்க கொண்டுபோய் வச்சிருக்காங்க பாருங்க" என்றாள். அந்த மடையர்களை வரிசையாக நிற்கவைத்து அறையலாம் போல இருந்தது. ஆனால் தகடு வெட்டக் கொடுத்தாகிவிட்டது. அதை மேலே கொண்டுபோய் அறைந்த நாளில் காஸ்பருக்கு நல்ல காய்ச்சல். சங்கத்து ஆட்களே அறைந்துவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வாழ்க்கையில் ஒரே வேலைதான். கொம்பு ஏறவேண்டும். பிள்ளை பெயரை ஒருமுறையாவது தொட்டுவிட வேண்டும்.

மாட்டுக் கொட்டகைப் பாறையில் தொடங்கினாள். காஸ்பர் கற்றுக்கொடுத்தான். முதலில் முழங்கால் உயரம் ஏறி நின்று அழுதாள். பிறகு இடுப்பு உயரம். கோடை முடிவதற்குள் பாறை முழுவதையும் ஏறினாள், இறங்கினாள், கைகளில் தோல் உரிந்தது. மூன்றை வைத்து ஒன்றை நகர்த்துகிற வித்தை எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். விருந்தாளிகளுக்கே சொல்லிக்கொடுத்தாள் என்றால் பாருங்களேன். ஆனால் பாறை என்பது வேறு, கொம்பு என்பது வேறு. கொம்பின் முகட்டில் குதிரை முதுகு என்று ஓர் இடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சரிவாக இறங்குகிற கூர்முதுகு. கயிற்றில் கட்டிக்கொண்டு, குதிரை மேல் உட்கார்வது போல இரண்டு பக்கமும் காலைப் போட்டு, கையை ஊன்றிப் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தால் சீக்கிரம் கடந்துவிடலாம். ஒன்றும் ஆகாது. ஒருத்தரும் அங்கே விழுந்தது கிடையாது. ஆனால் உட்கார்ந்தால் இரண்டு பூட்சுக்கும் கீழே காற்றுதான்.

அவள் அங்கேதான் நின்றுவிடுவாள். ஒவ்வொரு கோடையும் அங்கேதான். ஒரு வருஷம் அதைப் பார்த்த மாத்திரத்தில் வாந்தி எடுத்துத் திரும்பினாள். ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் முன்னாலும் போகமாட்டாள், பின்னாலும் வரமாட்டாள். பின்னால் விருந்தாளிகள் வரிசையாகக் காத்துக்கொண்டு நிற்க, முன்பே தாண்டி அந்தப் பக்கம் நின்ற ஒரு குட்டிப் பெண், "ஆன்ட்டி, கண்ணை மூடிக்கிட்டு பாட்டுப் பாடுங்க, நான் அப்படித்தான் வந்தேன்" என்று யோசனை சொன்னாளாம். காஸ்பர் குழந்தையைத் தூக்குவது போல அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தான். அன்று மாலை அவள் என் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஏழு வயசுப் பொண்ணு போகுது அண்ணி. பெத்தவளால போக முடியல" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வெங்காயத்தைப் பிடுங்கி நானே நறுக்கினேன்.

ஊர் வேறு சும்மா இருக்காது. "என்ன மார்கிரிட், இந்த வருஷமாவது குதிரை ஓடுமா?" என்பாள் தபால்காரி. அன்பாகத்தான் கேட்பாள், அதுதான் கொடுமை.

இதற்கு நடுவில் அவளுக்கு ஒரே ஆறுதல் காஸ்பர். வாரத்துக்கு இரண்டு முறையாவது விருந்தாளிகளோடு மேலே போகிறவன் ஆயிற்றே. விடியற்காலையில் அவன் கிளம்பும்போது கையில் எதையாவது வைப்பாள். அப்பா வீட்டுத் தோட்டத்து ஆப்பிளை வெட்டிக் காயவைத்தது, சில்வனுக்குப் பிடித்த வாதுமை பிஸ்கட், ஒரு கொத்துக் காட்டுப்பூ.

"அவன்கிட்ட வச்சிட்டுச் சொல்லு, அத்தை விடுதியில புது அடுப்பு வாங்கிட்டாங்கன்னு."

"சொல்றேன்."

மாலையில் திரும்பி வந்ததும் பூட்ஸைக் கழற்றக்கூட விடமாட்டாள். "சொன்னியா?"

"சொன்னேன்."

"காத்து ரொம்பவா அங்க?"

"இல்ல, இன்னிக்கு அமைதியா இருந்துச்சு."

"தகடு?"

"நல்லா தொடச்சேன். பளபளன்னு இருக்கு. பேர் வெயில்ல மின்னுது."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் ஒரு வாய் சூப் குடிப்பாள். மாதா திருநாளன்று மற்றக் குடும்பங்கள் ஏறும்போது, "நான்தான் வாரா வாரம் போறேனே" என்று காஸ்பர் ஒதுங்கிக்கொள்வான். அதுவும் எங்களுக்கு நியாயமாகத்தான் பட்டது.

போன வருஷம் கோடை முடிகிற நேரம். விருந்தாளிகள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வானம் கழுவிவிட்டது போலத் தெளிவாக இருந்தது, பாறை காய்ந்திருந்தது. மார்கிரிட் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, நாளைக்கு நீங்களும் வாங்க. நீங்க பின்னால வந்தா என்னால திரும்ப முடியாது. திரும்பினா திட்டுவீங்க."

"திட்ட மாட்டேன், உதைப்பேன்" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு பூட்ஸை மாட்டினேன்.

காலையில் ஒரே கயிற்றில் மூன்று பேர். முன்னால் காஸ்பர், நடுவில் அவள், கடைசியில் நான். சரளைக் கல் மேடு தாண்டினோம், பாறைச் சந்தில் ஏறினோம், முகட்டைப் பிடித்தோம். காஸ்பர் அன்று அதிகம் பேசவில்லை. வழக்கமாகப் போடுகிற கிண்டல் ஒன்றுகூட வரவில்லை. பெண்டாட்டியை நினைத்துக் கவலைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

குதிரை முதுகு வந்தது. காஸ்பர் நகர்ந்து அந்தப் பக்கம் போய்க் கயிற்றைப் பாறையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். மார்கிரிட் காலைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முதுகு நடுங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினாள். ஜெபம் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், அவள் அப்பா தோட்டத்து ஆப்பிள் பெயர்கள்! "கிராவன்ஸ்டைனர்" என்று ஒரு தள்ளு. "போஸ்கோப்" என்று ஒரு தள்ளு. ஒவ்வொரு மரமாகச் சொல்லிச் சொல்லி நகர்ந்தாள். நடுவில் பெயர் தீர்ந்துபோனது, மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தாள். மாதாவே, எனக்கே மூச்சு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் காஸ்பரின் கையைத் தொட்டதும் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பிள்ளை பிறந்த அன்றுதான் பார்த்திருக்கிறேன்.

"தாண்டிட்டேன் அண்ணி! தாண்டிட்டேன்!"

"தாண்டிட்டடி என் தங்கமே!" என்று நான் கத்தினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

அதற்கு மேல் சின்ன ஏற்றம், பிறகு தோள் மாதிரி ஒரு சமதளம். அங்கிருந்து உச்சிச் சிலுவை வீட்டு மாடி உயரம்தான். காஸ்பர் அந்தச் சமதளத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான்.

"இங்கருந்து நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் கயிறு விடுறேன்."

தாய் முதலில் பார்க்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறான், நல்ல பிள்ளை, என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் ஏறினோம். பிடிகள் படிக்கட்டு மாதிரி இருந்தன. மார்கிரிட் எனக்கு முன்னால் கிட்டத்தட்ட ஓடினாள்.

சிலுவையில் தகடுகள் வெயிலில் தகதகவென்று மின்னின. யார் யார் வீட்டுத் தகடு என்று கிட்டே போகாமலே படித்துவிடலாம், அவ்வளவு சுத்தம். ஒரே ஒரு தகடு மட்டும் களிம்பேறிக் கறுத்துக் கிடந்தது. மேலே காக்கை எச்சம் காய்ந்து வழிந்திருந்தது.

"இது யாரு வீட்டுது?" என்றாள் மார்கிரிட். பாவம் யாரோ குடும்பம் இல்லாதவர் என்ற குரலில்தான் கேட்டாள்.

பிறகு விரலை வைத்து எழுத்தைத் தடவினாள். முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து. நான் அவளுக்கு முன்பே படித்துவிட்டேன்.

சட்டைக் கையை இழுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. எத்தனையோ பனியும் மழையும் தின்ற கறுப்பு, ஒரு நாளில் போகிறதா? தேய்ப்பதை நிறுத்திவிட்டு விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள்.

"காஸ்பர், போன வாரம் தொடச்சேன்னு சொன்னியே?"

அவன் திரும்பாமல் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"காஸ்பர், மேல வா."

"கயிறு புடிச்சிருக்கேன்."

"கயித்தைக் கட்டிப்போட்டுட்டு வா."

"முடியாது மார்கிரிட்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "டேய், இந்த உயரம் ஏற உனக்கு என்னடா கேடு? ஊர்ல இருக்கிற பல் டாக்டரையெல்லாம் ஏத்துறியே!" என்று கத்தினேன்.

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "நான் வந்ததே இல்ல அக்கா. தகடு அடிச்ச நாள்லருந்து ஒரு தடவைகூட அங்க வந்ததில்ல. விருந்தாளிங்களை அனுப்பிட்டு இங்கயே உட்கார்ந்திருப்பேன்."

"நான் குடுத்து அனுப்பினதெல்லாம்?" என்றாள் மார்கிரிட்.

"வடக்குப் பக்கம் பள்ளத்துல போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சொன்னேன்னு சொன்னியே."

"அந்தப் பேரைப் பார்த்துட்டா அவன் செத்துட்டான்னு ஆயிரும் மார்கிரிட். என்னால முடியல."

"அவன் செத்துட்டான் காஸ்பர்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "என்னால வர முடியலைன்னாலும் நீ வர்றேன்னு நம்பித்தானே சாப்பிட்டேன், தூங்கினேன். இத்தனை வருஷமா பிள்ளைகிட்ட ஒருத்தர்கூட வரலையே."

அவன் அழுதான். நான் ஒரு பக்கம் தம்பியைப் பார்க்கிறேன், ஒரு பக்கம் அவளைப் பார்க்கிறேன். யாரைத் திட்டுவது, யாரைத் தேற்றுவது? மார்கிரிட் தகட்டை இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பாள், முத்தம் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அதன் பக்கமே போகவில்லை. "இறங்கலாம் அண்ணி" என்றாள்.

இறங்கும்போது வழிகாட்டி கடைசியில் வருவான், புதியவர் முன்னால் போகவேண்டும். ஆகவே மார்கிரிட் முன்னால் போனாள். குதிரை முதுகு வந்ததும் உட்காருவாள், கயிறு இறுகும் என்று நான் பாறையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அவள் உட்காரவில்லை. கையை எங்கும் ஊன்றாமல், இரண்டு பக்கத்துப் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டே, சந்தைக்குப் போகிறவள் நடப்பது போல அதன் மேல் நடந்தாள்.

"உட்காரு!" என்று காஸ்பர் பின்னாலிருந்து அலறினான். "மார்கிரிட், உட்காருடி! மாதா மேல ஆணை, உட்காரு!"

அவள் காதில் வாங்கவே இல்லை. நடுவில் நின்று வடக்குப் பக்கம் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். நான் காலைப் போட்டுத் தேய்த்து நகர்ந்துதான் போனேன். பின்னால் வந்த என் தம்பியால் நகரவே முடியவில்லை. அவனுக்கு நான் கயிறு பிடித்தேன், பாலர் பள்ளி வாத்தியாருக்கு. அவன் வந்து சேர்வதற்குள் மார்கிரிட் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைப் பாறை மேல் வைத்துவிட்டுத் தனியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

ஊருக்கு விஷயம் எப்படித்தான் தெரியுமோ, அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரே கொண்டாட்டம். "சமவெளிக்காரி தேறிட்டா!" என்றாள் தபால்காரி. கயிறு இல்லாமல் இறங்கினாளாமே, குதிரை முதுகில் நின்றே நடந்தாளாமே என்று சாராயக் கடையில் அவளுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார்கள். சாமியார் தோளைத் தட்டி, "நான்தான் சொன்னேனேம்மா, சுலபம்னு" என்றார். மார்கிரிட் கோப்பையைக் காலி பண்ணிவிட்டு நன்றி சொன்னாள். இப்போது அவள் எங்கள் ஊர்ப் பெண்ணாகிவிட்டாள் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

இந்தக் கோடையில் அவள் என் சமையலறையில் வேலை முடிந்ததும் மேலே போகிறாள். தனியாக, கயிறு இல்லாமல். காற்று அடித்தாலும் போகிறாள், பாறை ஈரமாக இருந்தாலும் போகிறாள். பலமுறை கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், பூட்ஸை ஒளித்து வைத்தேன். சாதாரணச் செருப்போடு போனாள். அதற்குப் பயந்து பூட்ஸை நானே எடுத்துக் கொடுத்தேன். காஸ்பர் வழக்கம்போல விருந்தாளிகளைக் கூட்டிப் போகிறான், வழக்கம்போல அந்தச் சமதளத்தோடு நின்றுவிடுகிறான். அவளிடம் பேச அவனுக்கு முகமில்லை. மாலையில் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, "இறங்கிட்டாளா?" என்று கேட்பான். நான் தொலைநோக்கியில் தேடிப் பார்த்துச் சொல்லுவேன். அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் மூச்சு வரும்.

நேற்று மழைத் தூறலில் நனைந்துகொண்டு வந்தாள். துண்டைக் கொடுத்து, சூப்பை ஊற்றி முன்னால் வைத்தேன்.

"தகட்டைத் தொடச்சியா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணி. அங்க யாரும் இல்லையே, எதுக்குத் தொடைக்கணும்?"

"அப்போ எதுக்குடி தினம் ஏறுற? ஈரப் பாறையில கையைக்கூட ஊன்றாம நடக்குற. விழுந்து தொலைஞ்சா என்ன ஆகும்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வம்பாகக் கேட்கவில்லை, அழுகையும் இல்லை. நான் பெரியவள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள்.

"விழுந்தா என்ன ஆகும் அண்ணி?"

நான் சூப் பானையைத் திறந்து கிண்டினேன். அவள் பதிலுக்காக இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.